காதுக்கு மேலே ஒரு கை

கூடைக்காரரின் வலது கை தோள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே தூக்கினால் மூட்டுக்குள் யாரோ சரளைக்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு வலி கிளம்பிக் கழுத்து வழியாகக் காது வரை ஏறும். காலையில்தான் ரொம்ப மோசம். சட்டை மாட்டிவிட அவர் மனைவி வரவேண்டும். வலது கையை முதலில் நுழைத்து, ஆளைச் சுற்றிக் கொண்டுபோய் இடது கையை நுழைத்து, கடைசியில் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். “போங்க, மாட்டியாச்சு.”

வாலிபத்தில் வாங்கிய வலி அது. இந்தக் குடியிருப்பு ஒரு காலத்தில் பள்ளம். செங்கல் சூளைக்காரர்கள் களிமண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்து, எடுக்க ஒன்றும் இல்லை என்றானதும் விட்டுவிட்டுப் போன பள்ளம். பக்கத்திலேயே ஒரு மண்மேடு. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, மட்டம் தட்டி, மனை போட்டு விற்றால் என்ன என்று ஒரு காண்ட்ராக்டருக்குத் தோன்றியது. தோன்றியது அவருக்கு, தூக்கியது இவர் மாதிரிக் கூலிக்காரர்கள். கூடைக்காரர் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான். இப்போது அவர் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு செங்கல் கடையில் கல் அடுக்குகிறார். கூடையை இறக்கி வருஷக்கணக்காகிறது. பெயர் மட்டும் இறங்கவில்லை.

அந்தக் கடைக்கு ஒருநாள் நெட்டை வந்தார். கூடைக்காரரோடு அதே மேட்டில் மண் வெட்டியவர். இப்போது சமூகக் கூடத்தைப் பெருக்கி, நாற்காலி துடைத்து, கூடத்தின் பின்னாலுள்ள அறையில் புருஷனை இழந்த மகளோடு குடியிருக்கிறார். வாடகை கிடையாது, கூடத்தை நடத்துகிறவர்களின் தயவு.

“மாப்ள, விஷயம் தெரியுமா? பூங்காவுல பளிங்குக் கல்லு வைக்கப் போறாங்க. இந்த இடம் எப்படி உருவாச்சுன்னு அதுல செதுக்கப் போறாங்க.”

“செதுக்கட்டும். எனக்கென்ன?”

“என்னடா எனக்கென்னங்கற? அண்ணனப் பத்தி ஒரு வரி வரணுமா வேணாமா?”

கூடைக்காரர் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தார்.

அண்ணன் என்றால் கூடைக்காரரின் உடன்பிறந்த அண்ணன். மண்மேட்டை மேலிருந்து வெட்டி இறக்குவதுதான் முறை. அதற்கு நாளாகும். அடியைக் குடைந்துவிட்டால் மேல்மண் தன் பாரத்தில் தானே சரிந்துவிடும், அள்ளிக்கொண்டு போனால் போதும் என்பது காண்ட்ராக்டரின் கண்டுபிடிப்பு. அண்ணனும் நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து அடியைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கூடைக்காரர் பள்ளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் நெட்டையின் இடுப்பில் கை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். நெட்டை வெளியே வந்து குப்புற விழுந்தார். அண்ணன் வரவில்லை.

தோண்டியபோது முதலில் தெரிந்தது அண்ணனின் கை. மேலே தூக்கினபடி இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வேலையைத் தொடரச் சொன்னார் காண்ட்ராக்டர். “மண்ணு தானா விழுந்து கெடக்கு, வீணாக்காதீங்கப்பா” என்றார். அண்ணனை அடக்கம் செய்துவிட்டுக் கூடைக்காரர் திரும்பி வந்தபோது அந்த மண்ணில் பாதி இன்னும் அள்ளாமல் கிடந்தது. அதை அவரும் சுமந்தார். சுமக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கொட்டின இடத்தில்தான் இப்போது பூங்கா இருக்கிறது. குழந்தைகள் சறுக்கு விளையாடுகிறார்கள்.

“நம்ம வரலாற்று மன்றத்துல நீ எழுந்து சொல்லு மாப்ள. சொன்ன கையோட நான் கை தூக்கிடறேன்” என்றார் நெட்டை. “கண்ணால பாத்தவன் நாந்தானே. நான் இன்னிக்கு மூச்சு விடறதே அண்ணன் போட்ட பிச்சை.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதில் பொய் ஏதும் இல்லை. அதைக் கூடைக்காரர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். “அவருக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும். கை எம்புட்டு நீளம்னு பாத்துக்கோங்க.”

“சும்மா இரு. அவன் அப்படிப்பட்டவன் இல்ல.”

“நான் என்னத்தச் சொல்லிட்டேன்? பாத்துக்கோங்கன்னேன்.”

குடியிருப்பு வரலாற்று மன்றம் தோன்றியதற்குக் காரணம் வரலாறு அல்ல, பொறாமை. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பழைய பாலம் இருந்தது. அதைக் காட்டி அவர்கள் நல்ல சாலையும் தெருவிளக்கும் வாங்கிவிட்டார்கள். இங்கே பாலம் இல்லை, கோட்டை இல்லை, குறைந்தபட்சம் ஒரு பாழடைந்த சுவர்கூட இல்லை. இருக்கிற சுவர்களெல்லாம் புதுசு, ஆனால் பாழடைந்தவை. அடிமண் அமுங்கிக்கொண்டே இருப்பதால் வீட்டுக்கு வீடு விரிசல், கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டும். ஆகவே பெரியவர்கள் சேர்ந்து, வரலாறு கிடைக்காத இடத்தில் அதைத் தீர்மானம் போட்டு நிறைவேற்றிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

கூடத்தின் சுவரில் நீலச் சாயத்தில் எழுதியிருந்தது: ‘நடந்ததெல்லாம் வரலாறு ஆகாது. ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, அவை கைதூக்கி ஏற்றதே வரலாறு.’

கூடைக்காரர் முதல்முறை போனபோது கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் தலைவர். ஒரு காலத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவைப் பார்த்தவர். ஆள் நேரில் வந்து நின்றாலும் பதிவில் இல்லாவிட்டால் வரவில்லை என்று எழுதிப் பேர் வாங்கியவர். பக்கத்தில் செயலாளர் அம்மா. அவருக்குப் பக்கத்தில், மடியில் தடிமனான விதிப்புத்தகத்தைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு விதிக்காரர். நடுவில் குஷன் வைத்த நாற்காலியில் புரவலர். அந்தக் காண்ட்ராக்டரின் மகன். பளிங்குக் கல் அவர் செலவு.

அன்றைக்குப் பூங்காவிலுள்ள மரத்தின் வயது எடுத்துக்கொள்ளப்பட்டது. முந்நூறு வருஷம் என்று செயலாளர் அம்மா முன்மொழிந்தார். தபால்காரர் ஒருவர் எழுந்து வழிமொழிந்தார். அந்த மரத்தை நட்டவர் அவர்தான். கையில் கன்றோடு நிற்கிற போட்டோகூட வீட்டில் மாட்டியிருக்கிறார். தான் நட்ட மரத்துக்கு முந்நூறு வயது கிடைத்ததில் அவர் முகமெல்லாம் பூரிப்பு. ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்து வெள்ளம். மழை பெய்தால் இந்தக் குடியிருப்பு மறுபடியும் பழையபடி பள்ளமாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒருமுறை பெரிய வெள்ளம் வந்து ஓர் அம்மாளின் பிரிட்ஜ் வாசல் வழியாக மிதந்துபோய் மூன்றாவது தெருவில் கரை ஒதுங்கியது. அந்த அம்மாள்தான் வெள்ளத்தை முன்மொழிந்தார். அவர் வீட்டுக்காரர் வழிமொழிந்தார். வாக்கெடுப்பில் வெள்ளம் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. மனை விலை குறைந்துவிடுமே என்று நிறையப் பேருக்குக் கவலை.

“அப்ப என் பிரிட்ஜ் எப்படிங்க போச்சு?” என்று அந்த அம்மாள் அழாத குறையாகக் கேட்டார்.

“அது உங்க சொந்த விஷயம்மா” என்றார் தலைவர் அன்போடு. “மன்றம் தனிப்பட்ட பிரிட்ஜில தலையிடாது. மனசு தளராதீங்க. அடுத்த வருஷம் வெள்ளத்தை மறுபடி கொண்டாங்க.”

“வெள்ளத்தை நான் எங்கருந்துங்க கொண்டாறது? அதுவா வரும்!”

“தீர்மானமா கொண்டாங்கன்னு சொன்னேன்.”

கூடைக்காரர் வெள்ளத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியிருந்தார். அவர் வீட்டிலும் அன்று கட்டில் வரை தண்ணீர். ஆனால் அவர் பெயருக்கு நேரே செயலாளர் அம்மா ‘நடுநிலை’ என்று எழுதினார். கூடைக்காரர் எழுந்து நின்றார்.

“அம்மா, நான் தூக்கினேங்களே.”

விதிக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். “தூக்கினீங்க, மறுக்கல. ஆனா விதிப்படி வலது கை காதுக்கு மேல போகணும். உங்களது தோளோட நின்னுடுச்சு. தோளோட நின்ன கைக்கு எந்தக் கருத்தும் கிடையாது.”

“தோள் வலிங்க. இந்த இடத்துக்கு மண் சுமந்து வந்த வலி.”

“வலி தனி, வாக்கு தனி.”

“இடது கையைத் தூக்கட்டுங்களா? அது நல்லாப் போகும்.”

அவையில் ஒரு முணுமுணுப்பு. இடது கையை அனுமதித்தால் நாளைக்கு இரண்டு கையையும் தூக்குவார்கள், வரலாறு இரட்டிப்பாகிவிடும் என்று ஒருவர் எச்சரித்தார். விஷயம் நுட்பமாக இருந்ததால் ‘கை உயர்வு ஆய்வுத் துணைக்குழு’ ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் மன்ற உறுப்பினரான தையல்காரர் அளவு நாடாவோடு வந்து, கூடைக்காரரை மேடையில் நிறுத்தி, தரையிலிருந்து காது, தரையிலிருந்து விரல் நுனி என்று இரண்டு அளவும் எடுத்தார். அவர் வாயில் குண்டூசி இருந்ததால் அளவு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கூடைக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. தலையை வலதுபக்கமாக நன்றாகச் சாய்த்தார். காது இறங்கியது, கை காதுக்கு மேலே தெரிந்தது.

“ஆட்சேபனை!” என்று விதிக்காரர் எழுந்தார். “கையை ஏத்தச் சொல்லித்தான் விதி. காதை இறக்கச் சொல்லல. இது முறைகேடு.”

முறைகேடு என்றே பதிவானது. கூடைக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து நெட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார். நெட்டை அவர் முழங்காலைத் தட்டினார். “விடு மாப்ள. நமக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அன்னிக்கு எப்படியாச்சும் தூக்கிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“மிச்சம்னா?”

“என் கை இருக்குல்ல? எனக்குக் காதென்ன, பல்பு வரைக்கும் போகும்.” உட்கார்ந்தபடியே தூக்கிக் காட்டினார். உயரமான ஆள். நிஜமாகவே விளக்கு வரை போகும்போலிருந்தது. கூடைக்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது.

இதற்கு நடுவில் மன்றத்துக்கு இன்னொரு குறை தெரிய வந்தது. குடியிருப்பு உருவானது என்றால் முதன்முதலில் ஒருவர் குடியேறியிருக்க வேண்டும். அப்படி ஒருவர் கைவசம் இல்லை. முதலில் வந்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள், அல்லது விரிசல் தாங்காமல் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். மண் வேலை நடந்த காலத்தில் சாமான் கொட்டகைக்குக் காவலாக நெட்டை சிலகாலம் அங்கேயே படுத்துக்கொண்டிருந்தார் என்பதைப் புரவலர் ஞாபகப்படுத்தினார். கொட்டகை வீடாகுமா என்று ஒருவர் கேட்டார். படுத்துத் தூங்கினால் வீடுதான் என்று விதிக்காரர் சொன்னார். நெட்டை ‘முதல் குடியேறி’ ஆனார். அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி மேடையிலேயே போடப்பட்டது. கல் திறக்கும் நாளில் கயிற்றை இழுக்கிற உரிமையும் அவருக்கே என்று முடிவானது.

கூடைக்காரர் இதைச் சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்னார். “மேடையில நம்மாளு ஒருத்தன் உக்காந்துட்டான்.”

மனைவி அவர் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். “கைப்பிடி வெச்ச நாற்காலியா?”

“ஆமா.”

“அதுல உக்காந்தா கை கைப்பிடியிலேயே இருந்துக்கும்ங்க. தூக்கத் தோணாது.”

“உனக்கு எப்பப் பாரு குத்தல்தான்.”

“குத்தல நான் தேய்ச்சிட்டுத்தான இருக்கேன்?” என்று மூட்டில் கட்டைவிரலை அழுத்தினாள். கூடைக்காரர் அம்மா என்று கத்தினார்.

அவர் முன்மொழிய வேண்டிய நாள் வந்தது. தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அவர் மனைவியும் கூட வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். கூடைக்காரர் எழுந்து மேடையேறி, வாய்க்குள் நாலைந்து நாளாகச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னார்.

“ஐயா, இந்தப் பள்ளத்த நெரவினப்ப மண்ணு சரிஞ்சு எங்க அண்ணன் செத்துப் போனாரு. அது கல்லுல வரணும். ஒரு வரி போதும். அவ்வளவுதாங்க.”

செயலாளர் அம்மா பேனாவை எடுத்தார். “எந்தப் பிரிவுல போடறது? எங்ககிட்ட இயற்கை, பண்பாடு, வளர்ச்சி, மூணுதான் இருக்கு.”

கூடைக்காரர் யோசித்தார். “செத்தது எதுலங்க வரும்?”

“செத்ததுக்குப் பிரிவு இல்லையே. மண்ணு சரிஞ்சதுன்னு சொன்னா இயற்கையில போடலாம். ஆனா அப்ப உங்க அண்ணன் வரமாட்டார், மண்ணு மட்டும்தான் வரும்.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “உங்க உணர்ச்சியை நான் மதிக்கிறேன். யார் மதிக்கலன்னாலும் நான் மதிப்பேன், அது என் சுபாவம். ஆனா நீங்க ஒண்ணு பாக்கணும். குடியிருப்பு உருவாகறதுக்கு முன்னாலயே உங்க அண்ணன் காலமாயிட்டார். அப்போ அவர் குடியிருப்புவாசி கிடையாது. அவர் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்தவர். நம்ம மன்றம் அவ்வளவு தூரம் பின்னால போறதில்ல. கொஞ்ச நாள் பொறுத்து, குடியேறின பிறகு காலமாகியிருந்தா நாமளே எடுத்துச் செஞ்சிருப்போம்.”

பலர் தலையாட்டினார்கள். அண்ணன் அவசரப்பட்டுவிட்டார் என்ற எண்ணம் அவையில் பரவியது.

அப்புறம் புரவலர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இது எங்கப்பா பேர்ல விழற பழி. அதனால நான் பேசக் கூடாது, இருந்தாலும் பேசறேன். அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்ல. நடந்த அன்னிக்கு எங்கப்பா சாப்பிடக்கூட இல்ல, அவ்வளவு வருத்தம். மனுஷன் மத்தியானமே வேலையைத் திரும்ப ஆரம்பிச்சார். எதுக்கு? நிறுத்தினா இவங்களுக்குத்தான கூலி போகும்? அடியைக் குடையச் சொன்னதாச் சொல்றாங்க. சொன்னார்தான். எல்லாரும்தான் குடைஞ்சாங்க, எல்லாருமா செத்தாங்க? இவ்வளவு யோசிச்ச ஒரு மனுஷரை இல்லாத ஒரு சம்பவத்துக்காகக் குத்தம் சொல்லாதீங்க.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“சரி, விதின்னு ஒண்ணு இருக்கு” என்றார் விதிக்காரர். “முன்மொழிஞ்சவர் கை தூக்கட்டும். காதுக்கு மேல.”

கூடைக்காரர் வலது கையைத் தூக்கினார். தோளோடு நின்றது. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்தார். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார், இன்னொரு முறை முறைகேடு என்று சொல்லிவிடக் கூடாது. பிடித்த முழங்கையை மேலே தள்ளினார். மூட்டுக்குள் ஏதோ முறிகிற சத்தம் முன்வரிசை வரை கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. அவர் இன்னும் தள்ளினார். விரல் காதைத் தாண்டியது, மணிக்கட்டு தாண்டியது, கை மேலே நிமிர்ந்து நின்றது.

தையல்காரர் ஓடிவந்து நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, “காதுக்கு மேல! தாராளமா இருக்கு!” என்று கூவினார். துணைக்குழுவின் பணி வெற்றிகரமாக முடிந்ததற்கு அவை கைதட்டியது. செயலாளர் அம்மா எழுதிக்கொண்டார்.

“வழிமொழிபவர்?” என்றார் தலைவர்.

கூடைக்காரர் கையை இறக்காமல் திரும்பி மேடை நாற்காலிகளைப் பார்த்தார். நெட்டை கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் கைப்பிடிமேல். புரவலர் நெட்டையின் பக்கம் திரும்பவில்லை. கூடத்தின் பின்பக்கம், நெட்டையின் மகள் அறைக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதைப் புரவலர் ஒருமுறை பார்த்தார். நெட்டையும் பார்த்தார்.

“வழிமொழிபவர் உண்டா?”

“மாப்ள” என்றார் கூடைக்காரர்.

நெட்டையின் வலது கை கைப்பிடியைவிட்டுக் கிளம்பியது. மார்பு வரை வந்தது, முகம் வரை வந்தது.

“முதல் குடியேறி கை தூக்குறீங்களா?” என்று விதிக்காரர் கேட்டார்.

நெட்டை முகத்துக்கு முன்னால் கையை இரண்டு தரம் வீசினார். “இல்லங்க. ஈ.”

கை கைப்பிடிக்குத் திரும்பியது.

தீர்மானம் விழுந்தது. விழுந்த தீர்மானத்துக்கும் ஒரு விதி இருந்தது. வழிமொழியப்படாத சம்பவம் ‘நடவாதது’ என்று பதியப்பட வேண்டும், அதை மறுபடி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன்படி கூடைக்காரரின் அண்ணன் இறக்கவில்லை என்று அவை முடிவு செய்தது. கையை இறக்குவதற்குக் கூடைக்காரருக்கு உதவி தேவைப்பட்டது. அது மேலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவையில் யாரோ ஆதரவு என்று தவறாக எண்ணிவிட்டதால், அடுத்து வந்த புரவலருக்கான நன்றித் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கதவோரத்திலிருந்து அவர் மனைவி முதல்முறையாகப் பேசினாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். இவரோட அண்ணன் சாகலன்னு முடிவு பண்ணிட்டீங்க இல்ல?”

“ஆமாம்மா” என்றார் தலைவர்.

“அப்ப ஆளை வீட்டுக்கு அனுப்பி வையுங்க. சாப்பாடு எடுத்து வைக்கிறேன். ரொம்ப நாளாச்சு, பசியோட இருப்பாரு.”

இது பண்பாட்டுப் பிரிவில் வருமா என்று செயலாளர் அம்மா தலைவரைப் பார்த்தார். அவள் அதற்குள் மேடைக்குப் போய், புருஷனின் கையை மெதுவாக மடக்கி இறக்கி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “போலாம், வாங்க.” நெட்டையைத் தாண்டிப் போகும்போது நின்று, அவர் முகத்துக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை உற்றுப் பார்த்தாள். “ஈ போயிடுச்சாண்ணே?” என்று கேட்டாள்.

கல்லுக்குப் பீடம் கட்டச் செங்கல் கூடைக்காரர் வேலை செய்கிற கடையிலிருந்துதான் போனது. அடுக்கிக் கொடுத்தது அவர்தான், இடது கையால். முதலாளி சொன்ன வேலை, மாட்டேன் என்று சொல்ல முடியாது. செங்கல் இறக்க அவர் பூங்காவுக்குப் போனபோது பீடத்துக்கு ஆட்கள் குழி தோண்டியிருந்தார்கள். பூங்காவில் அந்த இடத்தில் அவர்கள் தோண்டிப்போட்ட மண்ணை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று கேட்டால், மண்ணுக்கு ஏது அடையாளம்? அவர் அதைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டார்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். கல்லின் மேல் பட்டுத் துணி. புரவலர் பேசினார், தலைவர் பேசினார், முந்நூறு வருஷ மரத்தின் கீழே அதை நட்ட தபால்காரர் நின்று வணக்கம் சொன்னார். பிறகு முதல் குடியேறியை அழைத்தார்கள். நெட்டை தோளில் போட்ட சால்வையோடு வந்தார். கயிறு உயரத்தில் கட்டியிருந்தது. மற்றவர்களுக்கு எட்டாத உயரம். நெட்டை வலது கையைத் தூக்கினார். தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, முழுக்கை நீட்டி மேலே போனது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போட்டோக்காரர் கேட்டதால் அப்படியே நின்றார். போட்டோக்காரருக்கு வெளிச்சம் போதவில்லை. இன்னொரு தரம் என்றார். நெட்டை இன்னொரு தரம் தூக்கினார். கையில் ஒரு குறையும் இல்லை.

துணி விழுந்தது. கல்லில் மன்ற நிர்வாகிகளின் பெயர்கள் இருந்தன, துணைக்குழுக்களின் பெயர்கள் இருந்தன, வெள்ளம் எதையும் காணாத நிலம் என்று இருந்தது. நடுவில் பெரிய எழுத்தில்: ‘இம்மண் தானாகவே சமன்பட்டு, நிறுவனரின் நல்லெண்ணத்தால் குடியிருப்பாக மலர்ந்தது.’

படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட மனைவிக்குக் கூடைக்காரர் அதைப் படித்துக் காட்டினார்.

“தானாவா?” என்றாள்.

“தானாவாம்.”

“அப்ப உங்க தோளு வலிக்கக் கூடாதே.”

கூட்டம் கலைந்த பிறகு நெட்டை வந்தார். சால்வையை மடித்து அக்குளில் வைத்திருந்தார். கூடைக்காரரை நேரே பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மாப்ள, கோவமா?”

“கோவம் இல்ல.”

“அந்த ரூம காலி பண்ணச் சொன்னா நான் எங்க போவேன்? எனக்குன்னா ரோட்டுல படுத்துக்குவேன். பொண்ணு இருக்கா.”

“யாராவது காலி பண்ணச் சொன்னாங்களா?”

நெட்டை கொஞ்சம் யோசித்தார். “இல்ல. சொல்லல.” பிறகு, “சொல்லிடுவாங்களோன்னு நெனச்சேன்” என்றார்.

“ஓ.”

“உனக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன் மாப்ள. தோளுக்கு நல்ல வைத்தியர் ஒருத்தர் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன். வண்டிச் செலவு என்னுது.”

“எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம்” என்றார் கூடைக்காரர். “எனக்கும் உனக்கும் கணக்கே இல்ல. உன்னைத் தள்ளிவிட்டவன் நான் இல்லையே.”

நெட்டை சால்வையை அக்குளிலிருந்து எடுத்து மறு அக்குளில் வைத்துக்கொண்டார். பிறகு கூடத்துப் பக்கம் நடந்துபோனார். போகிற வழியில் இரண்டு பேர் அவரை ‘முதல் குடியேறி ஐயா’ என்று கும்பிட்டார்கள். அவரும் கை கூப்பினார்.

மழைக்காலம் வந்ததும் பீடம் அமுங்கிப் பளிங்குக் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மன்றம் அவசரக் கூட்டம் போட்டு, கல் நேராகத்தான் நிற்கிறது என்று நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் முதல் குடியேறி. கை காதுக்கு நன்றாக மேலே இருந்ததாகத் தையல்காரர் சொன்னார்.

கூடைக்காரரின் தோள் அப்புறம் சரியாகவில்லை. இப்போது கை மார்போடு நின்றுவிடுகிறது. காலையில் சட்டை மாட்டுவதற்கு முன்பைவிட நேரமாகிறது. வேலைக்குப் போகிற வழியில் பூங்கா. கல்லைத் தாண்டும்போது அவர் அதைப் படிப்பதில்லை, சாய்ந்திருக்கிற பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார்.

அண்ணனுக்கு நெட்டை ஒரு கை தர வேண்டியிருக்கிறது. இன்றுவரை தரவில்லை.